தராசும் மாடிப்படியும்: பருமனான குழந்தையின் இதயத்தை அளந்த வரலாறு

சற்றே நீண்ட பதிவு. பருமனான குழந்தை இருக்கும் வீட்டார் மட்டுமாவது இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் புனேயிலிருந்து அக்கா அழைத்தாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் பருவத்துக்கு ஒருமுறை உடற்தகுதி அட்டை தருகிறார்கள். அதில் எடை, உயரம், உடல் நிறைக் குறியீடு எனத் தொடங்கி ஏழெட்டுக் கட்டங்கள். உடல் நிறைக் குறியீட்டுக் கட்டம் மட்டும் சிவப்பு. சென்ற பருவத்திலும் அது சிவப்பாகவே இருந்தது. இடைப்பட்ட ஆறு மாதமும் பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் மாலை கால்பந்துத் திடலுக்குப் போய்வந்திருக்கிறான். "ஆறு மாசமா ஓடுறான்டா. அப்பவும் நாப்பத்தொண்ணு, இப்பவும் நாப்பத்தொண்ணு. ஒரு கிலோ கூட எறங்கல. ஃபீஸ் கட்டுறதுதான் மிச்சம். நிறுத்திட்டு டியூஷன்ல போடலாம்னு அவர் சொல்றார். நீ என்ன சொல்றே?" என்றாள்.

நான் மருத்துவன் அல்லன். மொழியியல் படித்துவிட்டு, மருத்துவக் கலைச்சொற்கள் இந்திய மொழிகளுக்குள் வந்து சேர்ந்த வழிகளை ஆராய்ந்துகொண்டிருப்பவன். ஆயினும் அக்கா கேட்ட கேள்விக்கு ஏறத்தாழ எழுபதாண்டு வரலாறு உண்டு. என் ஆய்வின் ஓரத்தில் அந்த வரலாறு அடிக்கடி வந்து மோதும். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்க அனுமதியுங்கள், பழக்கதோஷம். உடற்பருமனைக் குறிக்க உலகெங்கும் மருத்துவர்கள் வழங்கும் ஒபீஸ் என்ற சொல் இலத்தீனின் ஒபேசுஸ் என்பதிலிருந்து பிறந்தது. தின்று தின்று தன்னைக் கொழுக்க வைத்துக்கொண்டவன் என்பது அதன் பொருள். நோயின் பெயரிலேயே குற்றப்பத்திரிகை இருக்கிறது. தமிழில் உள்ள பருமன் என்னும் சொல்லோ வெறும் அளவைச் சொல்வது. மரத்துக்கும் தூணுக்கும் ஆகும். பழைய புழக்கத்தில் கொழுகொழுவென்று இருப்பதும் புஷ்டியாக இருப்பதும் பாராட்டு. பஞ்சமும் கொள்ளைநோயும் கண்ட சமூகத்தில் குழந்தையின் உடலில் ஒட்டிய கொழுப்பு சேமிப்புக் கணக்கு போன்றது. அந்தப் பாராட்டு ஒரே தலைமுறையில் சிவப்புக் கட்டமாகிவிட்டது. இதற்கிடையே ஆங்கிலத்தில் மெட்டபாலிசம் எனப்படுவதற்கு நம்மவர்கள் ஆக்கிய வளர்சிதை மாற்றம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. கிரேக்க மூலம் வெறும் மாற்றம் என்று மட்டுமே சொல்லும். நம் சொல்லோ உடலுக்குள் ஓயாமல் நடக்கும் ஆக்கத்தையும் அழிவையும் ஒருசேரக் காட்டுகிறது. அக்காவின் கேள்விக்கான விடை ஒருவகையில் இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. தராசு காட்டுவது நிற்கும் எடையை. வளர்வதும் சிதைவதும் அதன் முள்ளுக்குத் தெரியா.

அந்தச் சிவப்புக் கட்டத்தின் மூதாதை ஒரு வானியலாளர். பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்தலே 1835-இல் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். வளர்ந்த மனிதர்களின் எடை அவர்களது உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று அவர் கண்டார். கொழுப்பைப் பற்றியோ நோயைப் பற்றியோ அவருக்குக் கவலை இல்லை. மக்கள்தொகையின் ஒழுங்கைத் தேடியவர் அவர். வளரும் பருவத்துக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே எடைக்கும் உயரத்துக்குமான உறவு வேறு என்பதையும் அவரே எழுதிவைத்தார். இந்த இரண்டாம் பாதியைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸும் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்துப் பல வாய்பாடுகளை ஒப்பிட்டு, கெத்தலேயின் ஈவே ஓரளவு உதவும் என்று முடிவுகட்டி, அதற்கு உடல் நிறைக் குறியீடு என்று பெயரிட்டார்கள். அளக்கப்பட்டவர் அனைவரும் வயதுவந்த ஆண்கள்.

குழந்தைகளுக்கு அந்த அளவுகோல் வந்து சேர்ந்தது பிறகு. 2000-ஆம் ஆண்டில் பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அடிப்படையாகக் கொண்டு வயதுவாரியான பன்னாட்டு எல்லைக்கோடுகள் வரையப்பட்டன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களில், வயதுவந்தோருக்கான 23, 27 என்ற அளவுகளுக்கு நிகரான கோடுகள் இடம்பெற்றன. அதாவது நம் குழந்தைகளுக்கு எச்சரிக்கை மணி மேலைநாட்டுக் குழந்தைகளைவிட முன்கூட்டியே ஒலிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். காரணம் பின்னால் வரும். மணி எதற்காக ஒலிக்கிறது என்பதை யாரும் பெற்றோருக்கு விளக்குவதில்லை என்பதே என் குறை.

இனி லண்டனுக்குப் போகவேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு மளமளவென்று பெருகியது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் அதைத் தொழில்வாரியாகப் பார்க்கத் தொடங்கினார். லண்டனின் மாடிப் பேருந்துகள் அவருக்கு இயற்கையே அமைத்துக்கொடுத்த சோதனைச்சாலை ஆயின. ஒரே வண்டியில் இருவர். ஒரே வர்க்கம், ஒரே நகரத்துப் புகை. ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியும் உட்கார்ந்தே இருக்கிறார். நடத்துனரோ பயணச்சீட்டுக் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறுகிறார். ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, நடத்துனர்களுக்கு இதயநோய் குறைவாகவே வருவது தெரிந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. அவ்வளவாக உயிரைப் பறிக்கவில்லை. உடனே அச்சுக்கு ஓடாமல், மாரிஸ் அஞ்சல் துறையையும் பார்த்தார். கடிதம் சுமந்து நடப்பவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் ஒருபுறம், மேசையில் அமரும் எழுத்தர்களும் தொலைபேசி இணைப்பாளர்களும் மறுபுறம். அங்கும் அதே காட்சி. 1953-இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியானது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை இத்தனை பெரிய எண்ணிக்கையில் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

என்னைக் கவர்ந்தது அதன்பின் நடந்தது. நியாயமான ஓர் எதிர்வாதம் எழுந்தது: ஒல்லியானவர்களே நடத்துனர் வேலையைத் தேர்ந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் இதயத்தைக் காத்தது படிக்கட்டு என்று எப்படிச் சொல்வது? மாரிஸ் இதை மறுக்க வாதம் தேடவில்லை. தையற்கணக்கைத் தேடிப் போனார். ஊழியர்களுக்குச் சீருடை வழங்கியது போக்குவரத்து நிறுவனம். ஒவ்வொருவரின் கால்சட்டை இடுப்பளவும் ஏட்டில் இருந்தது. ஓட்டுநர்களின் இடுப்பு, இளவயதிலேயே, நடத்துனர்களின் இடுப்பைவிடப் பெரிது என்று அந்த ஏடு சொன்னது. தம் கருத்துக்கு இடையூறான இந்தச் செய்தியை அவரே 1956-இல் லான்செட்டில் வெளியிட்டார். சீருடைகளின் நோய்ப்பரவலியல் என்று அதற்குத் துணைத்தலைப்பும் இட்டார். ஆராய்ச்சியாளர்களிடம் அரிதாகக் காணும் குணம் இது. (என்னிடம் அது உண்டா என்று கேட்காதீர்கள்.) ஆனால் இடுப்பளவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோதும் வேறுபாடு மறையவில்லை. ஒல்லியான நடத்துனர், நடுத்தர உடலினர், தொந்தியுள்ளவர் என எந்தப் பிரிவை எடுத்தாலும், அதே உடல்வாகு கொண்ட ஓட்டுநரைவிட நடத்துனருக்கே ஆபத்து குறைவு.

தொந்தியோடு படியேறிய அந்த நடத்துனரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவின் நாயகர் அவரே.

அதே 1956-இல், கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள செங்கைல் என்னும் ஊரின் சணல் ஆலையிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. நம் நாட்டில் நடந்த ஆய்வாயினும் நம்மிடையே அதைப் பேசுவோர் மிகச் சிலர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான ழான் மேயர், ராய், மித்ரா என்ற இரு இந்திய ஆய்வாளருடன் சேர்ந்து 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் அளந்தார். ஆலை என்பது ஒரு முழு உலகம். நாளெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், மேற்பார்வையாளர், குமாஸ்தா, ஓட்டுநர், நெசவாளி, கரி சுமப்பவர் என்று உழைப்பின் ஏணியில் எல்லாப் படிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். தொலைவிலிருந்து தினமும் நடந்து வரும் குமாஸ்தாக்கள்கூடத் தனிப் பிரிவாகக் கணக்கில் வந்தார்கள். உழைப்பு ஏறஏற உணவும் ஏறியது; எடை ஏறவில்லை. இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது ஏணியின் அடிப்படியில் இருந்தது. அசைவு மிகக் குறைந்தவர்களிடம் உணவு அதற்கேற்பக் குறையவில்லை, மாறாக, கூடியது. கடையில் உட்கார்ந்தவர்கள் மிதமாக உழைத்தவர்களைவிட அதிகம் உண்டார்கள். எடையும் அவர்களிடமே மிகுந்திருந்தது. பசி என்பது உழைப்பைக் கணக்கிட்டுச் சோறு கேட்கும் கருவி என்றால், ஓர் எல்லைக்குக் கீழே அசைவு போய்விட்டால் அந்தக் கருவியே பழுதாகிறது என்று மேயர் கருதினார். சிறிய ஆய்வு, ஒரே ஆலை. அதன்மேல் கோட்டை கட்டக்கூடாதுதான். ஆயினும் குண்டுப் பிள்ளை என்றாலே தீனிப்பண்டாரம் என்று சொல்லிவந்த உலகில் அது வேறொரு கேள்வியைக் கேட்டது.

அந்தக் கேள்வியை மேயர் குழந்தைகளிடம் கொண்டுபோனார். அமெரிக்காவில் பதின்பருவச் சிறுமியரின் கோடைமுகாம்களில், விளையாட்டு நேரத்தில் இடைவெளி விட்டுவிட்டுத் திரைப்படக் கருவியால் படமெடுத்தார்கள். பருமனான சிறுமியரும் மற்றவர்களும் ஒரே நீச்சல் குளத்தில், ஒரே டென்னிஸ் திடலில், ஒரே நேர அட்டவணையில் இருந்தார்கள். படச்சுருளில் பார்த்தால், பருமனானவர்கள் அந்த நேரத்தின் பெரும்பகுதி அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் உண்ணவுமில்லை. இதைச் சோம்பல் என்று படிப்பவர்கள் படிக்கலாம். பள்ளி நாட்களில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நின்று, பிறகு எந்தப் பக்கம் போனாலும் முனகல் கேட்டுப் பழகியவன் நான். அந்தச் சிறுமியர் ஏன் ஓரத்தில் நின்றார்கள் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தோன்றுகிறது. விளையாட்டு ஆசிரியர் ஒருவர் என்னைத் திடலைச் சுற்றி ஓடவிடுவார், வகுப்பு முழுவதும் வேடிக்கை பார்க்க. தண்டனை என்றும் பயிற்சி என்றும் இரண்டு பெயர் அதற்கு. பத்தாம் வகுப்பு முடிந்த பின் ஏழாண்டுகள் நான் ஓடவே இல்லை.

குழந்தைகளின் உடற்பயிற்சி அரசாங்க விவகாரம் ஆனதும் இதே ஐம்பதுகளில்தான். ஆனால் அங்கே முன்னின்றது இதயம் அன்று, படை. ஹான்ஸ் கிராவுஸ் என்ற மருத்துவரும், பின்னாளில் பானி பிரட்டன் என்ற பெயரில் புகழ்பெற்ற பெண்மணியும் ஆறு எளிய தசைச் சோதனைகளை வைத்து அமெரிக்கக் குழந்தைகளையும் ஐரோப்பியக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஒன்றிலேனும் தோற்றவர்கள் அமெரிக்காவில் 57.9 விழுக்காடு, ஐரோப்பாவில் 8.7. பனிப்போர்க் காலத்து அமெரிக்கா அதிர்ந்தது. 1955 ஜூலையில் அதிபர் ஐசனோவர் அவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கே மாரடைப்பு. 1956 ஜூலையில் இளையோர் உடற்தகுதிக்கான ஆணையம் அவர் ஆணையால் உருவாயிற்று. நம் நாட்டிலும் ஏறக்குறைய அதே மனநிலை. சென்னையில் 1920-லேயே ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி விளையாட்டை முன்னிறுத்தியது உண்மை. எனினும் விடுதலைக்குப் பின் பள்ளிகளில் ஓங்கியது அணிவகுப்பு. 1954-இல் ஜே.கே. போன்ஸ்லே தொடங்கிய தேசிய ஒழுங்குத் திட்டத்தின் பெயரே அதைச் சொல்லும். அவர் நேதாஜியின் படையில் இருந்தவர். கசரத்து, தேகாப்பியாசம், தேகப்பயிற்சி என்றெல்லாம் வழங்கிய ஒன்றுக்கு நம் பள்ளிகளில் டிரில் என்ற பெயர் அத்தனை காலம் நிலைத்தது தற்செயல் அன்று. சேனைக்கு ஆளெடுப்பவனின் கண்ணுக்குப் பருமனான பிள்ளை ஒரு குறை மட்டுமே. அவனுடைய இதயத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்தக் கண்ணில் எழாது.

அதை எழுப்பியவை பிணங்கள். 1953-இல், கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த அறிக்கை வந்தது. சராசரி வயது 22. அவர்களில் 77.3 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நோயின் தடம். கிழவர்களின் நோய் என்று எண்ணியது இளைஞர்களுக்குள்ளே குடியிருந்தது. அப்படியானால் அது எப்போது குடியேறியது?

ஜெரால்டு பெரன்சன் என்ற இதயநோய் மருத்துவர் இதற்கு விடைதேடத் தம் சொந்த ஊருக்கே போனார். லூசியானா மாநிலத்தின் போகலூசா. மர ஆலையால் எழுந்த சிற்றூர். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்வது. 1972-73-இல் அவ்வூர்ப் பள்ளிக் குழந்தைகளின் எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றை அளக்கத் தொடங்கி, அவர்கள் வளர்ந்து பெற்றோரான பிறகும் அளந்துகொண்டே இருந்தார்கள். வேறு காரணங்களால், பெரும்பாலும் விபத்துகளில், இளவயதில் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளையும் குடும்பத்தாரின் ஒப்புதலோடு சேர்த்தார்கள். 1998-இல் வெளியான கட்டுரையில் இரண்டு வயது முதல் முப்பத்தொன்பது வரையிலான 204 பேர். உயிரோடிருந்தபோது அளந்த அபாயக் கூறுகள் எத்தனை மிகுந்திருந்தனவோ அத்தனை அதிகமாகத் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புக் கோடுகளும் தடிப்புகளும் இருந்தன. எடை, அழுத்தம், கொழுப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே இருப்பதைவிட, அவை ஒரே குழந்தையிடம் கூடி நிற்பதே ஆபத்து.

இந்த அறிவு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது அது எப்படிச் சுருங்கியது என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டு. அக்கறையோடு தொடங்கப்பட்ட திட்டம்தான் அது. 1992-இல் அறிமுகமான அத்திட்டத்தின் பெயர்ச் சுருக்கம் டாஃப். பருமனான மாணவர்கள் அடையாளம் காணப்பட்டு, கூடுதல் உடற்பயிற்சிக்கு அழைக்கப்பட்டார்கள். பல பள்ளிகளில் அது இடைவேளையின்போதே நடந்தது. பருமனான மாணவர் விகிதத்தைக் குறைத்த பள்ளிகளுக்குப் பாராட்டும் விருதும் உண்டு. விகிதம் குறையவும் செய்தது. ஆனால் டாஃப் என்பதைப் பின்னிருந்து படித்தால் ஆங்கிலத்தில் குண்டு என்று வரும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அதிக நாள் ஆகவில்லை. நண்பர்கள் சாப்பிடும் நேரத்தில் தனியே ஓடியவர்களின் மனக்காயத்தைப் பற்றிய பேச்சு வளர்ந்தது. 2007-இல் திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவரையும் உள்ளடக்கிய வேறொன்று வந்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வரிசையில் ஓடினார்கள். இன்று அவர்களுக்கு முப்பது, நாற்பது வயது. ஒரு பள்ளியின் வெற்றியை எடையால் அளந்தால், பள்ளி எடையைக் குறைக்கவே முனையும். அந்தக் குழந்தை இருபது வயதில் ஓடிக்கொண்டிருக்குமா என்பது எந்தக் கட்டத்திலும் இராது.

இனி அக்காவின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். எடை குறையாவிட்டால் ஓடியது வீணா?

அமெரிக்காவின் அகஸ்டா நகரில் பெர்னார்டு குட்டினும் சகாக்களும் தொண்ணூறுகளில் இதைச் சோதித்தார்கள். ஏழு முதல் பதினோரு வயது வரையிலான 79 பருமனான குழந்தைகள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், நான்கு மாதம். உணவுக் கட்டுப்பாடு எதுவும் விதிக்கவில்லை. பயிற்சியில் இருந்தவர்களின் இரத்தத்தில் இன்சுலின் அளவு இறங்கியது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இறங்கியது. உடலின் கொழுப்பு விழுக்காடும் குறைந்தது. பிறகு அதே குழந்தைகளுக்குப் பயிற்சியை நிறுத்திப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் பெற்ற நன்மை பின்வாங்கியது. 2012-இல் அதே நகரிலிருந்து வந்த பெரிய ஆய்வில் 222 குழந்தைகள். நாளுக்கு இருபது நிமிடம் ஓடியாடியவர்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது, நாற்பது நிமிடம் ஓடியாடியவர்களுக்கு மேலும் குறைந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2004-இல் வெளியான ஆய்வுகள் சிறியவை. ஆனால் நம் கேள்வியின் மையத்தைத் தொட்டவை. எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும் பருமனான பிள்ளைகளின் எடை மாறவில்லை. ஆனால் கைத்தமனியைச் சற்றுநேரம் அழுத்தி விட்டபின் அது எவ்வளவு விரிகிறது என்று அளந்தபோது, முன்பு விறைத்துக் கிடந்த குழாய் ஆரோக்கியமான குழந்தையின் குழாயைப் போல விரிந்தது. தமனியின் உட்சுவர் ஒரு மெல்லிய தோல். இரத்தம் வேகமாகப் பாயும்போது அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. ஓடும் குழந்தையின் உடலில் அந்தப் பாய்ச்சல் தினமும் நிகழ்ந்து அந்தத் தோலைப் பழக்குகிறது. தசையும் அவ்வாறே: சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவியின்றியே சர்க்கரையை உள்ளிழுக்கும், பழகப் பழக இன்சுலின் சொல்வதையும் நன்றாகக் கேட்கத் தொடங்கும். இவை எவற்றையும் தராசு அறியாது. உணவு முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். எடை குறையவேண்டுமானால் அடுப்படிக்கும் கடைத்தெருவுக்கும் பங்கு மிகுதி. ஆனால் ஓட்டத்தின் பயனை எடையில் தேடுவது, படித்த பாடத்தை உயரத்தில் தேடுவது போன்றது.

அக்காவின் நகரத்துக்கே உரிய ஒரு கதையும் உண்டு. புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், சுற்றுவட்டாரத்தில் ஆறு கிராமங்களின் தாய்மாரையும் சேய்களையும் 1993 முதல் தொடர்ந்து ஆராய்ந்தார். அக்குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5. எடையிலும் தசையிலும் பெரிய குறைவு. தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. மெலிந்த உடலுக்குள் கொழுப்பு. 2004-இல் அவரும் லண்டனின் ஜான் யட்கினும் தங்கள் இருவரின் புகைப்படத்தையே லான்செட்டில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, பிசகின்றி ஒன்றே. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. யட்கின் நெடுந்தொலைவு ஓட்டக்காரர். யாக்னிக்கின் முக்கிய உடற்பயிற்சியோ காலையில் மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய்ப் பிடிப்பது. இதை அவர்களே அங்கே குறிப்பிட்டிருக்கிறார்கள். இந்தியக் குழந்தைகளுக்கு எச்சரிக்கைக் கோட்டைத் தாழ்த்தி வைப்பது சரி என்று முன்னர் சொன்னேனே, அதன் காரணம் இது. 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை காணப்பட்டது. சிவப்புக் கட்டம் இல்லாத பிள்ளையும் ஓடவேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பள்ளிகள் யோசிக்குமா என்று தெரியவில்லை.

அக்காவிடம் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சென்ற பருவத்து அட்டையையும் சேர்த்து அனுப்பினாள். எடை இரண்டிலும் 41 என்பது உண்மை. உயரம் 132-இலிருந்து 135 ஆகியிருந்தது. ஒன்பது வயதில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளைக்கு எடை தானாகவே ஏறியிருக்க வேண்டும். அது ஏறாமல் நின்றதே ஒரு நிகழ்ச்சி. குறியீடு ஏறத்தாழ ஒன்று இறங்கியிருந்தது. கட்டம் மட்டும் நிறம் மாறவில்லை. அதற்குக் கீழே ஐந்தாவது வரியில், யாரும் வண்ணம் பூசாத கட்டம் ஒன்று: 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை. சென்ற பருவம் 4 நிமிடம் 50 விநாடி. இந்தப் பருவம் 4 நிமிடம் 5 விநாடி.

"இத நான் பாக்கவே இல்லடா" என்றாள்.

மருத்துவரிடம் ஒருமுறை இரத்த அழுத்தமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடு, இவ்வளவு காலம் எடையை மட்டும் பார்த்தது போதும் என்றேன். நடத்துனர் கதையையும் சொன்னேன். அத்தானுக்கு அது பிடித்துவிட்டதாம். அவர் அப்பா திருச்சியில் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவர். "எங்கப்பா ஓட்டினது மாடி பஸ் இல்லையே" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அவர் ஓட்டவே இல்லை, சீட்டுக் கொடுத்தார் என்று அக்கா திருத்தினாள். மருமகன் அப்போது வீட்டில் இல்லை. மாலை ஆறரை, திடலுக்குப் போயிருந்தான்.